ப்ரீகாஸ்ட் தடுப்புச் சுவர்: ஃபேக்டரியில் வராத வேலைகள்

3 மீட்டர் மேட்டை வெட்டி, அடியில் வண்டி போக வழி விடணும். மேலேயும் வண்டி நிற்கும். 28 மீட்டர் நீளத்துக்குத் தடுப்புச் சுவர். டிசைனும் நான், சைட்டும் நான். சென்ட்ரிங் அடித்து, கம்பி கட்டி, கான்கிரீட் ஆறும்வரை வெட்டின மண் சரியாமல் நிற்குமா என்ற பயத்தில்தான் ஃபேக்டரியிலேயே வார்த்து எடுத்துவரும் ப்ரீகாஸ்ட் பக்கம் போனேன். எல் வடிவத் துண்டு, ஒவ்வொன்றும் 1 மீட்டர் அகலம்.

எல் வடிவத்தின் சூட்சுமம், சுவரைத் தள்ளுகிற அதே மண்ணே அடிப்பலகை மேல் உட்கார்ந்து சுவரைப் பிடித்துக்கொள்வது. உராய்வுக் கோணம் 30 டிகிரி உள்ள மண்ணுக்கு, மேலிருக்கும் பாரத்தில் மூன்றில் ஒரு பங்கு பக்கவாட்டில் தள்ளும். எனக்கு வந்த கணக்கு, ஒரு மீட்டர் நீளத்துக்குச் சுமார் 2.7 டன். மேலே நிற்கும் வண்டிக்காகச் சதுர மீட்டருக்கு ஒரு டன் சுமை சேர்த்தால் 3.7. கவிழ்வதில் பிரச்சினை இல்லை, வழுக்குவதில்தான் மாட்டினேன். அடிப்பலகை 1.8 மீட்டர் என்று வைத்தால், வழுக்காமல் பிடிக்கும் விசை தள்ளும் விசையைப் போல் 1.3 மடங்குதான் வந்தது, வேண்டியது 1.5. 2.1 ஆக்கினதும் மயிரிழையில் தேறியது.

இதெல்லாம் காய்ந்த மண்ணுக்கு. முதுகில் தண்ணீர் முழு உயரத்துக்கு நின்றால், மொத்தத் தள்ளல் வெறும் மண்ணினுடையதைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் போகும். அதைத் தாங்கும்படி சுவரைப் பெருக்குவதைவிடத் தண்ணீரை நிற்கவிடாமல் பண்ணுவது சுலபம். அதனால் வரைபடத்தில் சுவருக்குச் சமமாக ஜல்லிக்கும் பைப்புக்கும் இடம் கொடுத்தேன்.

கிரேன் நாளை எல்லோரும் பெரிதாகப் பேசுவார்கள். துண்டின் எடை 2.2 டன்தான். கிரேனின் பேர் எத்தனை டன் என்பதைப் பார்க்காமல், கை நீட்டின தூரத்தில் எவ்வளவு தூக்கும் என்று அட்டவணையில் பார்த்துக்கொண்டால் போதும்.

பாடம் படித்தது பிசிசி-யில், அதாவது துண்டுகளுக்கு அடியில் போடும் கம்பியில்லாத கான்கிரீட் தளத்தில். முதல் மூன்று துண்டும் அழகாக உட்கார்ந்தன. நான்காவதை இறக்கினோம், அடியில் இடைவெளி சரி, தலையில் ஒரு விரல் நுழைகிறது. கிரேன்காரர் பெல்ட்டைக் கழற்றட்டுமா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். ரசமட்டத்தை அடிப்பலகையில் வைத்தால் குமிழி கொஞ்சம் விலகி நிற்கிறது. 1 மீட்டர் அகலத்தில் 3 மில்லி ஏற்றம், அவ்வளவுதான். அது 3 மீட்டர் உயரத்தில் 9 மில்லி சாய்வு.

“விடுங்க சார், கலவை வச்சு அடைச்சுடலாம்” என்றார் மேஸ்திரி. அடைக்கலாம். ஐந்தாவது துண்டு இதன் சாய்வையும் சேர்த்து வாங்கிக்கொள்ளுமே. தூக்கச் சொன்னேன். மீதி நீளம் முழுக்க நூல் பிடித்து, கலவைப் படுகையை மறுபடி மட்டம் எடுத்தோம். கிரேன் அரை நாள் சும்மா நின்றது. (வாடகை என்னமோ ஓடிக்கொண்டுதான் இருந்தது.)

அடுத்த தகராறு மண் நிரப்புவதில். தோண்டிப்போட்ட களிமண் பக்கத்திலேயே குவிந்து கிடக்கிறது, அதையே தள்ளிவிடலாம் என்று காண்ட்ராக்டர். களிமண் தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்ளும், வீங்கவும் செய்யும். சம்மதிக்கவில்லை. சுவரை ஒட்டி ஜல்லி, அதைச் சுற்றி தண்ணீரை விட்டு மண்ணைத் தடுக்கும் ஜியோடெக்ஸ்டைல் துணி, அடியில் துளை போட்ட பைப், பிறகு கிராவல். 200 மில்லி அடுக்காகப் போட்டு இறுக்கினோம். சுவரிலிருந்து 1 மீட்டருக்குள் கையால் தள்ளி மண்ணை இறுக்கும் சின்ன மெஷினான பிளேட் காம்பாக்டர் மட்டும். ரோலர் ஒரு தடவை நெருங்கி வந்தபோது ஓடிப்போய் முன்னால் நின்று கத்தினேன்.

முதல் மழைக்குக் குடையோடு போனேன். பைப்பில் தண்ணீர் வந்தது. முதலில் கலங்கலாக, கொஞ்ச நேரத்தில் தெளிவாக. ஒன்பதாவது இணைப்பில் மட்டும் செம்மண் கரைசல் ஒழுகிக்கொண்டே இருந்தது. துண்டுகளுக்கு நடுவே பின்பக்கம் ஒட்டவேண்டிய துணிப்பட்டை அங்கே விட்டுப்போயிருந்தது. மழை விட்டதும் அந்த ஒரு இணைப்புக்காக மேலிருந்து அடிவரை சரிவாகத் தோண்டி, பட்டையை ஒட்டி, 200 மில்லி 200 மில்லியாக மறுபடி நிரப்பினோம்.