அந்தப் பொண்ணு என்ன பேசுவா?

சென்ற ஆண்டு ஒரு பள்ளியின் ஆண்டு விழாவுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். கார்ட்டூன்களுக்கு டப்பிங் பேசுகிறவள் என்று என்னை அறிமுகப்படுத்தியதுமே பிள்ளைகள் கத்த ஆரம்பித்துவிட்டார்கள். பதினாறு வருடமாக நான் அதிகம் பேசி வந்தது பையன்களின் குரல். மைக்கைப் பிடித்து அந்தக் குரலில் ஒரு வசனம் சொன்னதும் கூடமே அதிர்ந்தது. அப்போது நாலாம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுந்து, "அதுல வர்ற பொண்ணுக்கும் நீங்கதானே பேசுறீங்க? அவ மாதிரி பேசுங்க ஆன்ட்டி" என்றாள்.

ஆமாம், அவளுக்கும் நான்தான். இரண்டு சீசன் பேசியிருக்கிறேன். ஆனாலும் அந்த மேடையில் அவளுடைய வசனம் ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை. கடைசியில், "பார்த்து, பார்த்து! கீழ விழுந்துடாத!" என்று சொல்லி முடித்தேன். அந்தப் பெண் மெல்லக் கைதட்டிவிட்டு உட்கார்ந்துகொண்டாள். வடபழனிக்குத் திரும்பி வரும் வழியெல்லாம் அவள் முகம்தான் மனதில் இருந்தது.

டப்பிங்கில் சிறுவர்களுக்குப் பெரும்பாலும் பெண்கள்தான் குரல் கொடுக்கிறோம். பையன்களுக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் குரல் உடைய ஆரம்பித்துவிடும். வருடக்கணக்கில் ஓடுகிற தொடருக்கு அது தோதுப்படாது. ஜப்பானிலும் இப்படித்தான். 'டோரேமான்' தொடரில் நோபிதா என்ற சிறுவனுக்கு 1979 முதல் 2005 வரை பேசியவர் நோரிகோ ஓஹாரா என்ற பெண்மணி. 'டிராகன் பால்' கோகுவுக்கு 1986-ல் பேசத் தொடங்கிய மசாகோ நொசாவா, அவன் வளர்ந்து பிள்ளை குட்டிக்காரன் ஆன பிறகும் அவனுக்குப் பேசினார். ஆக, பையனுக்கும் பெண்ணுக்கும் ஒரே தொண்டை. அதனால்தான் இருவருக்கும் கதை எதைக் கொடுக்கிறது என்பது எங்களுக்கு உடம்பிலேயே தெரிந்துவிடுகிறது.

பையனுக்குப் பேசும்போது காலைக் கொஞ்சம் அகட்டி நின்று வயிற்றிலிருந்து குரலை எடுப்பேன். அவன் பொய் சொல்வான், மாட்டிக்கொள்வான், அழுவான், திரும்ப எழுந்து ஓடுவான். நான் பேசிய அந்தத் தொடரில் ஒரு எபிசோடுக்கு அவனுக்கு எண்பது, தொண்ணூறு லூப், அதாவது ஒரு தடவையில் பதிவு செய்கிற வசனத் துண்டு, வரும். அவளுக்குப் பத்துப் பதினைந்து. அதிலும் பாதி ரியாக்‌ஷன்: ஒரு சிரிப்பு, ஒரு வீறிடல், யாரோ விழுந்தால் ஒரு பதற்றம். அவளுக்குத் தொண்டையை இறுக்கிக் குரலை மேலே ஏற்ற வேண்டும். அப்படியும் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து, "இன்னும் கொஞ்சம் க்யூட்டா, மேடம்" என்று வரும். பையனுக்குப் பேசிய நாட்களில் ஒரு தடவைகூட யாரும் என்னிடம் க்யூட்டாகப் பேசச் சொன்னதில்லை. நாள் முழுக்க அவனாகக் கத்திவிட்டு வீட்டுக்குப் போய்ச் சமைத்திருக்கிறேன். அவளுடைய பத்து லூப் முடித்த அன்றைக்குத்தான் வெந்நீரும் பனங்கற்கண்டும் தேவைப்படும்.

நல்ல கதைகளிலும் இது இருக்கிறது என்பதுதான் என் வருத்தம். டோரேமானை எடுத்துக்கொள்வோம். எதிர்காலத்திலிருந்து டோரேமான் என்ற அந்த ரோபோ பூனையை ஏன் அனுப்புகிறார்கள்? நோபிதாவின் தலைவிதியை மாற்ற. அந்தத் தலைவிதியில் ஒரு பாதி, அவனை எப்போதும் மிரட்டுகிற ஜியானின் தங்கை ஜைகோவைக் கட்டிக்கொள்ளப் போகிறான் என்பது. விதி மாறினால் அழகான ஷிசுகா கிடைப்பாள். பிற்பாடு அதே கதாசிரியர் ஜைகோவை அருமையான பெண்ணாக வளர்த்தெடுத்தார். கிறிஸ்டீன் கோடா என்று புனைபெயர் வைத்துக்கொண்டு காமிக்ஸ் வரைகிறாள்; ராத்திரி பகலாக உழைக்கிறாள். அந்தத் தெருவிலேயே தான் என்னவாகப் போகிறோம் என்று தெளிவாகத் தெரிந்த பிள்ளை அவள்தான். ஆனாலும் அவளைக் கட்டிக்கொள்வது ஒரு கெட்ட கனவு என்ற தொடக்கத்தை அவளால் அழிக்க முடியவில்லை. இந்தக் கதையை நம் ஊர்ப் பிள்ளைகளும் தமிழிலேயே கேட்டு வளர்கிறார்கள். கறுப்பு, குண்டு என்று கேலி கேட்கிற ஒரு பெண் குழந்தை ஜைகோவைப் பார்த்துச் சிரிக்கும்போது அவள் மனதில் என்ன ஓடும் என்று பலமுறை யோசித்திருக்கிறேன்.

"பொண்ணு மெயினா வந்தா பசங்க பாக்க மாட்டாங்க" என்று எங்கள் வட்டாரத்தில் சொல்வார்கள். இதை நான் ஏற்கவே மாட்டேன். 2000-ல் அமெரிக்காவில் தொடங்கிய டோரா தமிழ் பேசி வந்தபோது, முதுகில் பையும் கையில் வரைபடமுமாக ஆறு, மலை தாண்டிப் போன அந்தப் பெண்ணோடு சேர்ந்து பதில் சொன்ன பையன்களை நானே பார்த்திருக்கிறேன். என் அக்கா மகனே அப்படித்தான் வளர்ந்தான்.

அப்புறம், எங்கள் பங்கு. அதைச் சொல்லாமல் விட்டால் நியாயமாகாது. எங்களுக்கு வருகிற மூலம் பல நேரம் இங்கிலீஷில் இருக்கும். அதில் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் ஒரே 'யூ'. தமிழுக்கு வந்ததும் அப்பா 'நீங்க' ஆகிவிடுகிறார், அம்மா 'நீ' ஆகிவிடுகிறாள். படத்தில் புருஷனும் பெண்டாட்டியும் சரிக்குச் சரி சண்டை போடுவார்கள். நம் டிராக்கில் அவள் "என்னங்க" என்று இழுப்பாள், அவன் "சும்மா இருடி" என்பான். கூடப் படிக்கிற பையனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவள் இங்கே "அண்ணா" என்கிறாள். யாரும் திட்டம் போட்டு எழுதுவதில்லை, வீட்டில் கேட்டது கையில் வருகிறது. நானும் என் அம்மாவை 'நீ' என்றுதான் கூப்பிடுகிறேன். அதில் இருக்கிற நெருக்கம் எனக்கு வேண்டும். ஆனால் படத்தில் இல்லாத மேடு பள்ளத்தை நாம் ஏன் போட வேண்டும்? இத்தனை வருடம் வாயசைவு பொருந்துகிறதா என்று மட்டும் பார்த்து நானும் பேசிவிட்டு வந்திருக்கிறேன்.

அந்தப் பள்ளி விழா முடிந்து சில வாரம் கழித்து வேறொரு தொடர். அதில் ஒரு பெண், பழுதான படகு மோட்டாரைக் கழற்றிப் பூட்டுகிறாள். மூலத்தில் அவள் சொல்வது, "நானே சரி பண்ணேன்" என்பதுதான். என் கையிலிருந்த தாளில், "நீங்க சொன்ன மாதிரியே செஞ்சேன், அண்ணா" என்று இருந்தது. அந்த அண்ணன் அந்தக் காட்சியிலேயே இல்லை. நான் வசனம் எழுதியவரைக் கேட்டேன். "அப்பதான் ஒரு பாசம் வரும் மேடம்" என்றார். கெட்ட மனிதர் இல்லை; அவருக்கும் இரண்டு பெண் பிள்ளைகள். "சார், அவ மோட்டாரைப் பிரிச்சதை நாம கண்ணால பாக்குறோம். அதை ஏன் அவனுக்குக் கொடுக்கணும்?" என்றேன். அவர் காட்சியை இன்னொரு முறை ஓட்டச் சொன்னார். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுப் பேனாவால் அந்த வரியை அடித்தார்.

முதல் டேக் எடுத்தோம். கேட்டுப் பார்த்தால், "நானே சரி பண்ணேன்" என்பதை, சரிதானே என்று அனுமதி கேட்பது போல என் குரல் கடைசியில் மேலே இழுத்திருந்தது. பழக்கம். இரண்டாவது டேக்கிலும் அதேதான். ஹெட்போனைக் கழற்றி வைத்துத் தண்ணீர் குடித்தேன். பையனுக்குப் பேச நிற்பதுபோலக் காலை அகட்டி நின்றேன். வயிற்றிலிருந்து சொன்னேன்.

"இது ஓகே மேடம்" என்றார் இன்ஜினியர். "அடுத்த லூப் போகலாமா?"