ஜாதக நிரலில் விண்டோசுக்கும் லினக்சுக்கும் அரை மணி நேரம் வித்தியாசம்

பினாங்கில் 1975 மார்ச் 10 காலை 6.10க்குப் பிறந்தவருக்கு ஜாதகம் கணிக்க வேண்டும். நிரல் சி ஷார்ப்பில் எழுதியது. கடையிலுள்ள விண்டோஸ் கணினியில் ஓட்டினால், யூடிசி (உலகப் பொது நேரம்) கணக்கில் முந்தின நாள் இரவு 10.10 என்கிறது. அதே நிரலை லினக்ஸ் சர்வரில் ஓட்டினால் 10.40. லினக்ஸ் சொல்வதுதான் சரி.

தீபகற்ப மலேசியா அப்போது யூடிசிக்கு ஏழரை மணி நேரம் முன்னால் இருந்தது. 1981 டிசம்பர் 31 இரவு 11.30க்குக் கடிகாரத்தை அரை மணி தள்ளி வைத்த பிறகுதான் எட்டு மணி நேரம் ஆனது. இந்த வரலாறு லினக்ஸ் படிக்கும் ஐயானா நேர மண்டலத் தரவில் இருக்கிறது. விண்டோஸ் தன் அமைப்புகளை வைத்திருக்கும் ரிஜிஸ்ட்ரியிலோ கோலாலம்பூருக்குப் பெயரே 'சிங்கப்பூர் ஸ்டாண்டர்ட் டைம்'. எந்த ஆண்டுக்கும் எட்டு மணி என்ற ஒரே கணக்கு. சி ஷார்ப் நிரல் ஓடும் தளமான டாட்நெட்டின் 6ஆம் பதிப்பு முதல் விண்டோசிலும் 'ஏசியா/கோலாலம்பூர்' என்று கொடுக்கலாம், ஏற்றுக்கொள்ளும். ஆனால் பெயரை மாற்றிக்கொண்டு தரவை அதே ரிஜிஸ்ட்ரியிலிருந்துதான் எடுக்கும். பிழைச் செய்தி வந்தாலாவது தேவலை.

அரை மணியில் லக்னம் சுமார் ஏழரை பாகை நகரும். ராசிக்கு 30 பாகை என்றால், ஏறக்குறைய நாலில் ஒரு ஜாதகத்துக்கு லக்னமே மாறிப்போகும். (ஏழரை என்றதும் சனி ஞாபகம் வந்தால் நான் பொறுப்பல்ல.)

நேரத் தரவை நிரலோடு சேர்த்தே அனுப்புங்கள். சி ஷார்ப்பில் நோடா டைம் நூலகம் தன் தரவைத் தானே கொண்டுவரும். பைத்தான் 3.9 முதல் உள்ள நேர மண்டல நூலகமான ஜோன்இன்ஃபோ, தரவை முதலில் இயங்குதளத்தில் தேடும். விண்டோசில் கிடைக்காது, அல்பைன் லினக்சிலும் தனியாக நிறுவினால்தான் உண்டு. அந்தத் தரவைக் கொண்ட டிஇசட்டேட்டா பொதியைத் தேவைப் பட்டியலில் எழுதிவிட்டால் இரண்டு இடத்திலும் ஓடும்.

ஊர்ப் பட்டியலில் 'மலேசியா' என்று ஒரே வரி வைப்பதும் தவறு. சபா, சரவாக்கில் 1975லேயே எட்டு மணிதான். அவற்றுக்குக் கூச்சிங் மண்டலம். தாத்தா பாட்டி ஜாதகம் வந்தால் இன்னும் கவனம்: ஜப்பான் ஆட்சியில் மலேசியாவில் டோக்கியோ நேரம், அதாவது ஒன்பது மணி. சி மொழியில் எழுதுபவர்களுக்கு அதற்கு முன்பே தடங்கல். 1970க்கு முந்தைய நேரத்துக்கு விண்டோசில் உள்ளூர் நேரம் தரும் லோக்கல்டைம் செயற்கூறு வெற்று மதிப்பை (null) மட்டும் தரும், லினக்சில் சரியாக ஓடும்.

சோதனைக்கு 1981 டிசம்பர் 31 இரவு 11.45ஐக் கொடுத்துப் பாருங்கள். கோலாலம்பூரில் அப்படியொரு நேரமே வரவில்லை. நோடா டைமின் கண்டிப்பான முறை பிழை காட்டும். பைத்தான் வாய் திறக்காது, நீங்களே சரிபார்க்க வேண்டும்.

கணித்த ஜாதகத்தை ஊர்ப் பெயரில் சேமித்தால் அடுத்த வம்பு. 'கோலாலம்பூர்' யூனிகோடில் 11 குறியீடு. பழைய மேக்கின் கோப்பு முறைமையான எச்எஃப்எஸ் பிளஸ் 'கோ'வில் உள்ள ஓகாரக் குறியை இரட்டைக் கொம்பு, கால் என்று இரண்டாகப் பிரித்து 12 ஆக்கிவிடும். யூடிஎஃப் 8இல் 33 பைட் 36 ஆகும். லினக்ஸ் பைட்டை மட்டும் பார்ப்பதால், கண்ணுக்கு ஒரே பெயரில் இரண்டு கோப்பு பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். 'பினாங்கு'க்கு இந்தத் தொல்லை இல்லை. ஒ, ஓ, ஔ வரிசைக் குறிகளிலும் ஔ எழுத்திலும்தான். சேமிக்கும்போதும் தேடும்போதும் பெயரை என்எஃப்சி வடிவத்துக்கு, அதாவது பிரிந்த குறிகள் ஒன்றாகச் சேர்ந்த யூனிகோட் வடிவத்துக்கு, மாற்றுங்கள். ஏற்கெனவே உள்ள கோப்புகளுக்குப் பெயர் மாற்றும்போது, அந்தப் பெயரில் இன்னொன்று இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். லினக்சில் பெயர்மாற்றம் கேட்காமலே பழையதை அழித்துவிடும்.