அம்மாவின் பழைய செபம்

அம்மாவுக்கு 86 வயது. அல்சைமர் நோய் தொடங்கி 11 ஆண்டுகள் ஆகின்றன. என் பெயரை மறந்து நான்கு ஆண்டுகளாகிவிட்டன. கடந்த ஓராண்டாக "தண்ணி", "வேணாம்" என்று நாலைந்து சொற்களே அவரிடம் மிஞ்சியிருக்கின்றன. ஆனாலும் மாலை ஏழு மணிக்கு அவர் கட்டிலைச் சுற்றி அமர்ந்து செபமாலை சொல்வதை நாங்கள் நிறுத்தவில்லை. அவர் கூரையையே பார்த்துக்கொண்டிருப்பார். அவருக்குள் எதுவும் போய்ச் சேரவில்லை என்றே நானும் நம்பியிருந்தேன்.

சென்ற ஆண்டு சித்தி வந்திருந்தபோது, அன்றைய செபத்தை அவர் தொடங்கினார். நாங்கள் சொல்லும் "அருள் நிறைந்த மரியே" அல்ல. "பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே வாழ்க" என்ற, அதே செபத்தின் பழைய தமிழ் வடிவம். செபமாலையின் மூன்றாவது மணியில் அம்மாவின் உதடுகள் அசைந்தன. "மரண நேரத்திலும் வேண்டிக்கொள்ளும்" என்று சித்தி முடித்ததும், "ஆமென்" என்ற சொல் அம்மாவிடமிருந்து தெளிவாக வந்தது. அவருடைய கட்டைவிரல் ஒரு மணியை விட்டு அடுத்த மணிக்கு நகர்ந்ததை நான் பார்த்தேன்.

தூத்துக்குடிக் கடற்கரையில் பிறந்த அம்மா, 1940-களில் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியும் முன்பே, கோயிலில் மறைக்கல்வி கற்பிக்கும் உபதேசியார் சொல்லச் சொல்லத் திருப்பிச் சொல்லி மனப்பாடம் செய்த செபம் அது. கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் முடிந்த பிறகு செபங்களின் தமிழ் எளிமையாக்கப்பட்டபோது அவருக்குத் திருமணமே ஆகியிருந்தது. இந்நோய் பெரும்பாலும் புதிய நினைவுகளைப் பதியவைக்கும் ஹிப்போகாம்பஸ் என்ற மூளைப் பகுதியைத்தான் முதலில் தாக்குகிறது; சிறுவயதில் ஆயிரக்கணக்கான முறை ஒலியாகவும் விரலசைவாகவும் பழகியவை அதைவிட நெடுநாள் தாங்குகின்றன. அம்மா மறக்காத தமிழை விட்டுவிட்டு, அவர் பிற்காலத்தில் கற்ற தமிழில் நாங்கள் இத்தனை நாளும் செபித்திருக்கிறோம் என்பதை எண்ணும்போது இப்போதும் மனம் கனக்கிறது.

பார்க்க வருகிறவர்கள் "யார் வந்திருக்கா தெரியுதா?" என்று கேட்பார்கள். அன்பினால்தான் கேட்கிறார்கள், ஆயினும் விடை தெரியாத தேர்வில் அமர்த்தப்பட்ட குழந்தையைப் போல அம்மாவின் முகம் கலங்கிவிடும். செபம் அவரிடம் எதையும் கேட்பதில்லை.

பூசையில் அப்பமும் திராட்சை இரசமுமாக இயேசுவையே பெறுகிற நற்கருணை விஷயத்தில் நாங்கள் பெரிதும் வருந்தினோம். "அவருக்கு எதுவும் புரியவில்லையே, எதற்குக் கொடுக்க வேண்டும்?" என்று வீட்டுக்கு வந்த ஒரு குருவானவர் தயங்கித் திரும்பிப் போனார். புரிதல்தான் அளவுகோல் என்றால், அறுபது ஆண்டுகள் விடியற்காலைப் பூசைக்கு நடந்த அம்மாவின் கால்களுக்கு என்ன மதிப்பு? விழுங்குவது பற்றிய அச்சம் மட்டும் நியாயமானது. முற்றிய நிலையில் உணவும் நீரும் மூச்சுக்குழாய்க்குள் இறங்கி நிமோனியா வருவதுண்டு. உலர்ந்த அப்பம் மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். ஆனால் தேவை ஏற்படும்போது திராட்சை இரசத்தின் வடிவில் மட்டுமே நற்கருணை வழங்கலாம் என்று 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 925-ஆம் பிரிவு கூறுகிறது. இப்போது வரும் குருவானவர், அம்மாவை நிமிர்த்தி உட்காரவைத்த பிறகு, சிறு கரண்டியில் ஒன்றிரண்டு துளிகளை நாவில் வைக்கிறார். விழுங்கும் வரை அவரும் காத்திருக்கிறார்.

சித்தியின் குரலைக் கைப்பேசியில் பதிவு செய்து ஒலிக்கவிட்டுப் பார்த்தோம். அம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பக்கத்தில் ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னால்தான் அவர் உதடு அசைகிறது. ஆகவே பழைய செபங்களைச் சித்தி ஒரு நோட்டில் எழுதிக் கொடுத்திருக்கிறார்; நான் மனப்பாடம் செய்துகொண்டிருக்கிறேன். "அர்ச்சிஷ்ட மரியாயே, சர்வேசுரனுடைய மாதாவே" என்ற இடத்தில் நேற்றும் தடுமாறினேன். நோட்டைப் பார்த்து நான் சரியாகச் சொல்லி முடிக்கும் வரை, அம்மாவின் விரல் அதே மணியில் இருந்தது.