ராஜா மூசா ஓரம்: ஒரு வறட்சிக் காலத்துக் குறிப்புகள்

ஜனவரி 19

சிலாங்கூரில் ராஜா மூசா கரிச்சதுப்புக் காட்டின் ஓரம்; நீருக்கடியில் மட்காமல் சேர்ந்த மரமும் இலையும்தான் இங்கே மண். நீர்மட்டம் அளக்கப் பதித்த காட்டு ஓரக் குழாயில் நீர், மண்ணின் மேல்மட்டத்திலிருந்து 58 சென்டிமீட்டர் கீழே நிற்கிறது; பாரிட்டுக்கு (வடிகால் வாய்க்காலுக்கு) இந்தப் பக்கம் உள்ள செம்பனைக் குழாயில் 61. இரண்டுக்கும் இடையே இருப்பவை ஒரு வாய்க்காலும் வனத்துறையின் எல்லைப் பலகையும்தான். பலகைக்கு அப்பால் இந்த ஓரத்தில் மரங்கள் அப்படியே நிற்கின்றன. நிலவரைபடத்திலும் அது பச்சை நிறத்தில் காடு என்றுதான் இருக்கிறது. தண்ணீரைக் கேட்டால் அதுவும் தோட்டத்தைச் சேர்ந்தது என்றே சொல்லும். காடு, செம்பனை, அன்னாசி ஊடுபயிர், எரிந்து கிடக்கும் லாலாங் புல்வெளி என்று மண் விடும் வாயுவை அளக்கப் பதித்த வளையங்கள் ஒவ்வொன்றிலும் நிலப் பயன்பாட்டின் பெயரை எழுதியாயிற்று. ஆனாலும் இங்கே வந்து நின்றவுடன் அந்தப் பெயர்களில் எனக்கு நம்பிக்கை குறைந்துவிடுகிறது.

ஜனவரி 22

மழை இல்லை. செம்பனையில் 64.

ஜனவரி 25

தைப்பூசம். தொழிலாளர் லயத்தில் பாதிப் பேர் பத்துமலைக்குப் போய்விட்டார்கள். தண்ணீர்க் கதவு நேற்று மாலையிலிருந்து திறந்தே கிடந்திருக்கிறது. பாரிட்டில் கெட்டித் தேநீரின் நிறத்தில் நீர் பெரிய வாய்க்காலை நோக்கி ஓடிக்கொண்டிருந்ததைக் காலையில் பார்த்தேன். அந்த நிறமே கரைந்து போகும் கரிமம்தான். வளையத்தின் மேல் நாங்கள் கவிழ்க்கும் பெட்டிக்குள் அது அகப்படுவதில்லை.

செம்பனைக்கு நீர்மட்டத்தை 40 முதல் 60 சென்டிமீட்டர் ஆழத்துக்குள் நிறுத்த வேண்டும் என்று வழிகாட்டி நூல்கள் சொல்கின்றன. இந்தோனேசியா 2014-இல் கொண்டுவந்த அரசு ஒழுங்குவிதி, சாகுபடிக்கு ஒதுக்கிய கரிச்சதுப்பில் நீர் 40 சென்டிமீட்டருக்கும் கீழே இறங்கினால் அந்த நிலம் சேதமடைந்ததாகவே கொள்ளும். தோட்டத்து மேற்பார்வையாளரான மண்டோர் அண்ணனிடம் இதைச் சொன்னேன். "தண்ணி நின்னா குலை ஏத்துற வண்டி பொதைஞ்சிரும்மா, அப்புறம் நீயா வந்து தள்ளுவே?" என்றார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் நீர்மட்டம் 10 சென்டிமீட்டர் இறங்கும்போதெல்லாம் ஓர் எக்டரிலிருந்து ஆண்டுக்குச் சுமார் 9 டன் கரியமில வாயு கூடுதலாக வெளியேறும் என்ற அந்தப் பழைய சமன்பாடு, அவர் கதவின் சக்கரத்தைச் சுற்றும் ஒவ்வொரு முறையும் என் தலைக்குள் சேர்ந்தே சுற்றுகிறது.

ஜனவரி 28

வேர்களைப் பற்றிய கவலையில் நேற்றிரவு தூங்கவில்லை.

பெட்டியை மூடிய மூன்று நிமிடங்களில் உள்ளே ஏறும் கரியமில வாயு, கருவி காட்டும் ஒரே கோடாகத்தான் தெரியும். அந்தக் கோட்டுக்குள் இரண்டு வகை வாயு கலந்திருக்கிறது. ஒன்று உயிருள்ள வேர் விடும் மூச்சு; மரம் சில நாட்களுக்கு முன் காற்றிலிருந்து எடுத்ததையே திருப்பிக் கொடுக்கிறது என்பதால் அதனால் வானத்துக்குப் புதிய சுமை எதுவும் இல்லை. மற்றொன்று, நீருக்கடியில் பல ஆயிரம் ஆண்டுகளாக மட்காமல் கிடந்த மரமும் இலையும், நீர் வடிந்து காற்றுப் பட்டவுடன் நுண்ணுயிர்களால் சிதைந்து வெளியேறுவது. எனக்கு வேண்டியது இரண்டாவது மட்டும். ஆனால் பெட்டிக்கு அந்தப் பேதம் தெரியாது.

சரவாக்கில் மூன்று நிலங்களில் எடுத்த அளவுகள் 2005-இல் வெளிவந்தன: ஒரு சதுர மீட்டரிலிருந்து ஆண்டுக்குக் காட்டில் 2.1 கிலோ கரிமம், செம்பனையில் 1.5, சாகோப் பனையில் 1.1. அளவீட்டில் பிழை இருப்பதாக நான் நினைக்கவில்லை. காட்டுத் தரையில் வேர் அடர்த்தி அதிகம், புதிதாக உதிரும் இலையும் அதிகம். ஆகவே அங்கே மண்ணின் மொத்தச் சுவாசம் கூடுதலாக இருப்பதில் வியப்பில்லை. உதிர்ந்த இலை அழுகி வெளிவிடுவதைக் காடு மறுபடியும் இலையாக்கிக்கொள்கிறது. தோட்டம் தன் அடிமண்ணையே தின்று வாழ்கிறது. இந்த விளக்கத்தை விட்டுவிட்டு அந்த மூன்று எண்களை மட்டும் மேடையில் படித்தால், தோட்டம் காட்டைவிட நல்லது என்று யாரும் பேசிவிடலாம். பேசியும் இருக்கிறார்கள்.

அதற்காகத்தான் இந்த அகழிகள். வளையத்தைச் சுற்றி மண்ணை ஆழமாக வெட்டி, வேர் மீண்டும் நுழையாதபடி தடுப்பு வைத்திருக்கிறோம். அறுபட்ட வேர்களே உள்ளே அழுகி வாயு விடும் என்பதால், அது அடங்கப் பல மாதம் காத்திருக்க வேண்டும். சுமாத்ராவில் அக்கேசியாத் தோட்டத்தில் வேரின் பங்கு சராசரியாக 21 விழுக்காடு என்று கண்டார்கள். செம்பனையில், மரத்தின் அடியிலிருந்து எவ்வளவு தள்ளிப் பெட்டியை வைக்கிறோம் என்பதைப் பொறுத்தே அது மாறிவிடுகிறது. காத்திருப்பதைத் தவிர வேறு வழி இல்லை.

ஜனவரி 30

அதே சுமாத்ரா ஆய்வில் பகலில் அளந்தது எக்டருக்கு ஆண்டுக்கு 94 டன் கரியமில வாயுவாக வந்தது. இரவில் மண் குளிர்வதைக் கணக்கில் சேர்த்தபோது அது 80 டன்னாகக் குறைந்தது. ஆகவே நாளை முதல் விடிவதற்கு முன்பும் ஒரு சுற்று அளப்பது என்று முடிவு செய்திருக்கிறேன்.

பிப்ரவரி 2

நீர் இறங்கியது, வாயுவும் குறைந்தது. செம்பனையில் நீர்மட்டம் 72 ஆகியும் கருவியின் கோடு போன வாரத்தைவிட மெதுவாகவே ஏறியது. மேல்மண் கையில் எடுத்தால் காப்பித்தூளாக உதிரும் அளவுக்குக் காய்ந்துவிட்டது. ஈரம் இல்லாத இடத்தில் நுண்ணுயிரும் வேலை செய்யாது. ஆழத்தோடு வாயு நேர்கோட்டில் கூடிக்கொண்டே போகும் என்பது இத்தகைய நாட்களுக்குப் பொருந்தாது. இந்த ஒரு வாரத்தை மட்டும் வெட்டி எடுத்து, வறட்சி நல்லது என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்ற பயம் எனக்கு. இப்படிக் காய்ந்த மண்தான் தீக்கு முதலில் இரையாகும்.

பிப்ரவரி 5

யூரியா போட்டுவிட்டார்கள். ஒவ்வொரு மரத்தைச் சுற்றியும் வட்டமாக வெள்ளை மணிகள் கிடக்கின்றன. மழை வந்து அவை கரையும் நாளில் அந்த வட்டங்களிலிருந்து நைட்ரஸ் ஆக்சைடு ஒரே மூச்சில் கிளம்பும். சில நாட்களில் அடங்கியும் விடும். அந்த நாட்களைத் தவறவிட்டால் ஆண்டுக் கணக்கே பொய்யாகிவிடும். நூறாண்டுக் கணக்கில் ஒரு கிலோ நைட்ரஸ் ஆக்சைடு 273 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம் என்பதால், சிறிய எண்தானே என்று அதை ஒதுக்க முடியாது. மட்டைக் குவியலுக்கு அடியில், உர வட்டத்துக்குள், அறுவடைப் பாதையில் என்று ஒரே மரத்தடியில் மூன்று வேறு மண்கள் இருக்கின்றன. இவற்றுக்குச் சராசரி எடுக்கும் துணிச்சல் எனக்கு இன்னும் வரவில்லை.

பிப்ரவரி 10

சீனப் புத்தாண்டு. ஆய்வகம் மூடியிருக்கிறது; வாயு மாதிரி பிடித்த குப்பிகள் பெட்டியிலேயே காத்திருக்கின்றன.

பிப்ரவரி 13

வடக்கே புகை. மதியத்துக்குள் தொண்டை கரகரத்தது; எரிந்த நிலத்து வளையங்களில் மட்டும் அளந்துவிட்டுத் திரும்பிவிட்டோம். அங்கே நிழல் இல்லை; லாலாங்கும் பெரணியும் மட்டுமே மண்டிக் கிடக்கின்றன. இந்த நிலத்தை இப்போது யாரும் பயன்படுத்தவில்லை என்பதால் படிவத்தில் "தரிசு" என்று எழுத வேண்டும். தரிசு என்றால் ஒன்றும் நடக்காத நிலம் என்று கேட்பவருக்குத் தோன்றும். உண்மையில் பழைய பாரிட் இன்னும் திறந்தே கிடக்கிறது. பயிர் போன பிறகும் வடிகால் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐ.பி.சி.சி.யின் 2013 ஈரநிலத் துணைநூலில், வடிக்கப்பட்ட வெப்பமண்டலக் கரிச்சதுப்பில் தரிசாகவும் பயிராகவும் கிடக்கும் நிலத்துக்கு எக்டருக்கு ஆண்டுக்கு 14 டன் கரிமம் என்று போட்டிருக்கிறது. அது செம்பனைக்குக் கொடுத்திருக்கும் 11 டன்னைவிட அதிகம்.

அதுவும் மட்கும் கணக்கு மட்டும்தான். தீ தனிக் கணக்கு. 1997-இல் இந்தோனேசியாவில் கரிச்சதுப்பும் காடும் எரிந்தபோது வெளியேறிய கரிமம் 0.81 முதல் 2.57 கிகா டன் வரை என்று மதிப்பிட்டார்கள். உலகம் அப்போது ஓராண்டில் எரித்த எரிபொருளின் கரிமத்தில் 13 முதல் 40 விழுக்காடு அது. கலிமந்தானில் நெல் விளைவிப்பதற்காகத் தோண்டிய மாபெரும் வாய்க்கால்கள்தான் அந்தத் தீக்கு வழி செய்து கொடுத்தன. நெல்லோ விளையவில்லை.

பிப்ரவரி 14

இருமல். புகை இன்னும் இருக்கிறது. காட்டு ஓரத்தில் 79.

பிப்ரவரி 17

இன்று வெளியே போகவில்லை. ஐ.பி.சி.சி.யின் அந்த அட்டவணையோடு சண்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எக்டருக்கு ஆண்டுக்கு வெளியேறும் கரிமமாக அக்கேசியாவுக்கு 20 டன், செம்பனைக்கு 11, நெல்லுக்கு 9.4, சாகோவுக்கு 1.5. கடைசியில் வடிக்கப்பட்ட காட்டுக்கு 5.3; அதன் நம்பக எல்லையோ மைனஸ் 0.7-இலிருந்து 9.5 வரை. ஒரு நாட்டின் அறிக்கையை நிரப்ப உட்காரும் அதிகாரிக்கு இந்த ஒற்றை எண்கள் அவசியம் என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் நாற்பதில் நீர் நிற்கும் செம்பனையும் எண்பதில் நிற்கும் செம்பனையும் ஒரே வரிசையில் அடைபடும்போது, நன்றாகக் கதவு அடைக்கும் தோட்டத்துக்கும் திறந்து போடும் தோட்டத்துக்கும் ஒரே மதிப்பெண் கிடைத்துவிடுகிறது. வாய்க்காலை வெட்டியவர் ஒருவர், வடிவது அடுத்தவரின் காடு. அந்தக் காட்டிலிருந்து போகும் கரிமத்தை யாருடைய பெயரில் எழுதுவது என்பதற்கு அட்டவணையில் வரிசையே கிடையாது.

கூச்சிங்கில் 2016-இல் நடந்த பன்னாட்டுக் கரிச்சதுப்பு மாநாட்டைப் பற்றி உள்ளூர்ச் செய்திகள் எழுதிய விதம், கரிச்சதுப்பில் விவசாயம் செய்வதால் பெரிய தீங்கில்லை என்று உலக அறிஞர்கள் ஒப்புக்கொண்டுவிட்டதைப் போல இருந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட ஆய்வாளர்கள் கையெழுத்திட்டு மறுப்பு எழுத வேண்டியதாயிற்று. அந்த மறுப்பைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கோபமும் வருகிறது, சோர்வும் வருகிறது. நீர் வடிந்தால் மண் மட்கும் என்பதை மண்டோர் அண்ணனுக்கு யாரும் நிரூபிக்க வேண்டியிருக்கவில்லை.

பிப்ரவரி 21

மண்டோர் அண்ணன் வீட்டுக்குப் போனேன். கட்டியபோது வாசலுக்கு ஒரு படிதான் இருந்ததாம், இப்போது மூன்று. கம்பங்கள் அடியிலுள்ள களிமண்ணில் ஊன்றியிருப்பதால் வீடு நின்ற இடத்தில் நிற்கிறது, மண்தான் கீழே போய்விட்டது. தரைக்கும் வீட்டுக்கும் நடுவே கோழிகள் தாராளமாக நடமாடுகின்றன. எங்கள் இரும்புக் கம்பியிலும் நடப்பது இதேதான்: அடிக்களிமண் வரை இறக்கி ஊன்றிய கம்பியில் மண்ணின் மட்டத்தைக் கோடு போட்டு வைத்தால், ஆண்டுக்கு ஆண்டு கோடு உயரே போகும். சுமாத்ராவில் வாய்க்கால் வெட்டிய முதல் ஐந்து ஆண்டுகளில் மண் 142 சென்டிமீட்டர் தாழ்ந்தது; அதன் பிறகு ஆண்டுக்குச் சுமார் 5 சென்டிமீட்டர். மேற்கு ஜொகூரில் பல பத்தாண்டு கழிந்தும் ஆண்டுக்கு 2 சென்டிமீட்டர் இறங்கிக்கொண்டே இருந்தது. மண் இறுகுவதால் வருவது முதலில். பிறகு வருவதில் பெரும்பகுதி மட்கிக் காற்றோடு போனதுதான்.

வாயுப் பெட்டியை நம்பாதவர்கள்கூட இந்தப் படிகளை நம்புவார்கள். மண் தாழத் தாழ வாய்க்காலும் ஆழமிழக்கிறது, அதை மறுபடி தோண்டுகிறார்கள், நீர் மறுபடி இறங்குகிறது. வாய்க்காலின் அடிமட்டம் ஆற்றின் மட்டத்தைத் தொடும் நாளில் நீரைத் தானாக வடிக்க முடியாது. பம்பு வைத்து இறைக்க வேண்டும், அல்லது தோட்டத்தை விட்டுவிட வேண்டும். செம்பனைக்கு ஒரு தலைமுறை என்பது இருபத்தைந்து ஆண்டு. அடுத்த நடவுக்கான கன்றுகள் நாற்றங்காலில் ஏற்கெனவே வளர்கின்றன.

பிப்ரவரி 22

காட்டு ஓரம் 83. செம்பனையைவிடக் கீழே. இரண்டு முறை அளந்தும் அதே எண்.

பிப்ரவரி 26

உள்காட்டுக்குப் போய் வந்தேன். 2008 முதல் வாய்க்கால்களை அடைத்து, மகாங் மரக்கன்று நட்டு மீட்டெடுத்துவரும் பகுதியைத் தாண்டிப் போனால், இந்த வறட்சியிலும் மரவேர்களுக்கு நடுவே கறுத்த நீர் தேங்கி நிற்கிறது. தஞ்சோங் காராங் வயல்களுக்கு இந்தக் காட்டு நீரும் போகிறது என்பதை நெல் விவசாயிகள் நன்றாக அறிவார்கள்; அறிக்கைகளில்தான் அது அடிக்குறிப்பாகச் சுருங்கிவிடுகிறது.

நீர் நிற்கும் இடத்தில் மீத்தேன் உண்டு. ஈரக் காட்டைப் புகழ்பவர்கள் அதை மறைக்கக் கூடாது. அதிலும் மண்ணின் மேல் வைத்த பெட்டி அதில் கொஞ்சத்தைத்தான் பிடிக்கும்: கலிமந்தானில் காட்டிலிருந்து வெளியேறிய மீத்தேனில் 62 முதல் 87 விழுக்காடு வரை மரத்தண்டுகள் வழியாகவே வந்தது என்று 2013-இல் கண்டறிந்தார்கள். அப்படியே சேர்த்துக் கணக்கிட்டாலும், வடித்த நிலத்தின் கரியமில வாயுவுக்கு அது ஈடாகாது. போதாததற்கு, தோட்டம் மீத்தேனே விடாது என்பதும் சரியல்ல. தேங்கிய பாரிட் நீரில் குமிழிகள் வெடிப்பதை யார் வேண்டுமானாலும் நின்று பார்க்கலாம்.

மார்ச் 2

மழை. விடியற்காலை நாலு மணிக்குத் தொடங்கி ஒன்பது வரை கொட்டியது. எல்லோரும் ஓடினோம்; உர வட்டங்களில் முதல் குப்பிகள் எடுத்தாயிற்று, இன்னும் நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை எடுக்க வேண்டும். எரிந்த நிலத்தில் மழைநீர் உள்ளே இறங்கவே இல்லை. ஒருமுறை முற்றிலும் காய்ந்துவிட்ட இந்த மண் நீரை ஏற்காது, துளிகள் மேலேயே உருண்டு பாரிட்டில் போய் விழுந்தன. செம்பனையில் 72-இலிருந்து 49 வரை ஏறிவிட்டது. பாரிட் நிறைந்திருக்கிறது. ஆனால் காட்டு ஓரத்தில் இன்னும் 70.

மார்ச் 3

கரியமில வாயு செம்பனையில் ஏறியிருக்கிறது; ஈரம் பட்டதும் காய்ந்த மேல்மண் விழித்துக்கொண்டது. இது சில நாளில் இறங்கும், நீர் நின்றால். மண்டோர் அண்ணன் மதியம் வந்து, ஆறாவது பாதையில் வண்டி புதைந்துவிட்டதாகவும், இன்றிரவே கதவைத் திறக்கும்படி மேலிடத்திலிருந்து சொல்லிவிட்டார்கள் என்றும் சொன்னார். ஐம்பதில் நிறுத்தும்படி கேட்டேன். கதவில் அளவுகோல் இல்லை, திறந்தால் திறந்ததுதான் என்றார். எங்களிடம் மிச்சமுள்ள பி.வி.சி. குழாயில் சென்டிமீட்டர்க் கோடுகள் போட்டு, அவரோடு போய்க் கதவருகே நட்டுவிட்டு வந்திருக்கிறேன். அடுத்த குப்பி எடுக்க இரவு பத்துக்குப் போக வேண்டும்.