கிரானைட் மேசையும் இரண்டு மவுஸும்

சாப்பாட்டு மேசைதான் எனக்கு ஆபீஸ். மேலே பாலிஷ் போட்ட கறுப்பு கிரானைட். அதில் என் பழைய ஆப்டிகல் மவுஸ் நொண்டியடிக்கும்; எக்செல்லில் ஒரு கட்டத்தைக் குறிவைத்தால் அம்பு பக்கத்துக் கட்டத்துக்குத் துள்ளும். அப்புறம் லேசர் மவுஸ் வாங்கினேன். வழுக்கிக்கொண்டு ஓடுகிறது.

இரண்டுமே வயிற்றிலுள்ள குட்டி கேமராவால் மேசையை நொடிக்கு ஆயிரக்கணக்கில் படம் பிடிப்பவைதான். வெளிச்சம்தான் வேறு: பழையதில் சிவப்பு எல்.இ.டி., புதியதில் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு லேசர். லாஜிடெக் நிறுவனத்தின் எம்எக்ஸ்1000 என்ற மவுஸ் இந்த லேசர் வகையை 2004இல் கொண்டுவந்தது.

ஆனால் மகனின் துணி மவுஸ்பேடில் லேசர் நடுங்குகிறது. நூலிழையின் மேடுபள்ளத்தையெல்லாம் நோண்டிப் பார்க்கும் போல. அங்கே பழையதுதான் ராஜா, அதுவும் பேரம் பேசி 350 ரூபாய்க்கு வாங்கியது. இப்போது மேசையில் இரண்டும் கிடக்கின்றன. அவசரத்துக்குக் கையில் சிக்குவதென்னவோ தப்பானதுதான்.