பால் வற்றிய மாட்டுக்கு நிவாரணம் கிடையாது

மிக்ஜாம் புயல் மழைக்குப் பிறகு தமிழக அரசு கால்நடை இழப்புக்கான நிவாரணத்தைக் கூட்டியது. பசு, எருமைக்கு 30,000 ரூபாய் 37,500 ஆனது. வெள்ளாடு, செம்மறிக்கு 3,000 ரூபாய் 4,000 ஆனது. கூட்டியது நியாயம், அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. ஆனால் தென்சென்னையில் உள்ள பள்ளிக்கரணையில் மாடு வளர்க்கும் என் அத்தையின் வரவு செலவை அருகிலிருந்து பார்த்தவள் நான். அந்தப் பணம் யாரைத் தொடாமல் போகிறது என்பதை எழுதியே ஆக வேண்டும்.

அத்தையிடம் ஐந்து கறவை மாடுகள் இருந்தன. 2023 டிசம்பர் 4 அன்று தண்ணீர் கொட்டகைக்குள் ஏறியதும் கயிறுகளை அறுத்துவிட்டார். கட்டியபடியே விட்டிருந்தால் ஐந்தும் போயிருக்கும். ஒன்று வெள்ளத்தோடு போய்விட்டது. இன்னொன்று, நிறைசினை, பின்பக்க மதிலோரம் செத்துக் கிடந்தது.

மதிலோரம் கிடந்த மாட்டுக்குப் பணம் வந்தது. எளிதாக வரவில்லை. உடல் ஊதி நாற்றமெடுக்கத் தொடங்கியதும் தெருவில் எல்லாரும் லாரியில் ஏற்றி அனுப்பச் சொன்னார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. வீட்டுக்குள் முழங்கால் தண்ணீரோடு இருந்தவர்கள். ஆனால் கால்நடை மருத்துவர் உடலைப் பார்த்துச் சான்று எழுதாமல் மனு நகராது என்பது அத்தைக்குத் தெரியும். அவர் வரும்வரை மாட்டை எடுக்க விடாமல் அங்கேயே நின்றார். செத்த மாட்டுக்கு ஒரு பெண் இப்படிக் காவல் நிற்க வேண்டியிருப்பது எனக்குத் தாங்கவில்லை.

வெள்ளத்தோடு போனதற்கு உடல் இல்லை. எனவே சான்று இல்லை, பணமும் இல்லை. அந்த மாட்டின் காதில் 12 இலக்க எண் பொறித்த மஞ்சள் வில்லை இருந்தது. அந்த எண்ணில்தான் தடுப்பூசி போட்டதைப் பதிகிறார்கள். மாடு இருந்ததற்கு அதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்?

மிஞ்சிய மூன்றின் கதைதான் பெரிய நஷ்டம். சாக்கடை கலந்த தண்ணீரில் இரவும் பகலும் நின்றதில் மூன்றுக்கும் மடிநோய் வந்தது. மடி கல்லாக இறுகி, பால் திரிந்து வந்தது. ஒன்றுக்கு இரண்டு காம்பு அடைத்தே போயிற்று. மருந்து போட்டுக் கறந்த பாலை விற்கக் கூடாது. கீழேதான் ஊற்ற வேண்டும். வைக்கோல் நனைந்து பூசணம் பிடித்தது, தவிட்டு மூட்டைகள் புளித்தன. வாடிக்கை வீடுகள் பாக்கெட் பாலுக்கு மாறிவிட்டன. அடைத்த காம்புகளோடு இருந்த மாட்டைக் கடைசியில் கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டார். இவை எதற்கும் மனு எழுத ஓர் இடம் இல்லை.

மாநிலப் பேரிடர் நிதிக்கான விதிகள் மாட்டைத் தலைக்கணக்கில்தான் பார்க்கின்றன: குடும்பத்துக்கு மூன்று பெரிய கறவை மாடுகள் வரை அல்லது ஆடு போன்ற சிறியவை முப்பது வரை, கோழிக்கு 100 ரூபாய் வீதம் 10,000 வரை. எல்லாம் செத்தவற்றுக்கு. அமெரிக்காவின் கால்நடை இழப்பீட்டுத் திட்டத்தில் செத்த விலங்குக்குச் சராசரிச் சந்தை விலையில் 75 சதவீதம் தருகிறார்கள். பேரிடரில் அடிபட்டுக் குறைந்த விலைக்கு விற்க நேர்ந்த விலங்குக்கும் அங்கே பணம் உண்டு. அந்த இரண்டாவது விதி நம் ஊருக்கு உடனே வர வேண்டும். அத்தை விற்ற மாடு அதில் அப்படியே பொருந்தும்.

அதுவரை, தென்சென்னையில் மாடு வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஐப்பசி பிறப்பதற்குள் ஒவ்வொரு மாட்டையும் காது வில்லை எண் தெரியும்படி படமெடுத்து, வெளியூரில் இருக்கும் உறவினர் ஒருவருக்கு அனுப்பி வையுங்கள். தடுப்பூசி அட்டையையும் சேர்த்து அனுப்புங்கள். வில்லை விழுந்திருந்தால் அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தில் கேட்டு மறுபடி போட்டுக்கொள்ளுங்கள்.