பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தபோது

எங்கள் ஊரில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்துக்கு, வருகிறவர்களைப் பதிவு செய்யும் வெப் அப்ளிகேஷன் செய்து கொடுத்தேன். டெமோவில் எல்லாருக்கும் பிடித்திருந்தது. கவுண்டரில் வைத்த முதல் வாரமே, பழைய நோட்டே தேவலை என்று சேதி வந்தது. சரி, நேரில் பார்ப்போம் என்று காலை ஆறரைக்கே போய்விட்டேன், வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்க வருகிறவர்களின் கூட்டம் அந்த நேரத்தில்தான்.

கவுண்டரில் இருந்த அக்கா பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். வாயைத் திறப்பதில்லை என்று முடிவு செய்திருந்தேன். "அந்த பட்டனை அழுத்துங்கக்கா" என்று ஒரு தடவை சொல்லிவிட்டால், அவருக்கு அது ஏன் கண்ணில் படவில்லை என்பது நமக்குத் தெரியாமலே போய்விடும்.

முதலில் பெயர். முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு பெட்டி, இரண்டும் கட்டாயம். எடுத்த டெம்ப்ளேட்டில் அப்படி இருந்தது, நானும் யோசிக்காமல் விட்டிருந்தேன். அக்கா இரண்டாவது பெட்டியில் இனிஷியலைப் போட்டார், இனிஷியல் சொல்லாதவர்களுக்கு வெறும் புள்ளி. ரிப்போர்ட்டில் 'முருகன் கே' என்று அச்சாகி வர, "ஆதார்ல கே. முருகன்னு இருக்கு, இன்சூரன்ஸ்ல ஒத்துக்குவாங்களா?" என்று ஒருவர் திரும்பி வந்து நின்றார். அவர் கேட்டது நியாயம். அவரவர் எழுதுகிறபடி எழுத ஒரே பெட்டி போதும்.

ஒரே பெட்டியாக்கினால் இன்னொன்று கிளம்பியது. தமிழில் 'முருகன்' என்று அடித்தால் 'தவறான எழுத்து' என்று சிவப்பில் வந்தது. பெயரில் எண்ணெல்லாம் வரக்கூடாது என்று, எழுத்தும் புள்ளியும் இடைவெளியும் மட்டும் ஏற்கும்படி ரெகெக்ஸ், அதாவது அடித்ததைச் சரிபார்க்கும் ஒரு விதி, எழுதியிருந்தேன். எல்லா மொழி எழுத்துகளுக்கும் கணினியில் எண் கொடுக்கும் யுனிகோடு கணக்கில் ம, ர, க, ன நான்கும்தான் எழுத்து, இரண்டு உகரக் குறியும் மெய்ப்புள்ளியும் 'மார்க்' என்ற வேறு வகை. நமக்கு நான்கெழுத்துப் பெயர், அங்கே ஏழு குறியீடு, அதில் மூன்றை நான் வாசலிலேயே நிறுத்தியிருக்கிறேன். மார்க் வகையையும் சேர்த்ததும் சரியானது. ஆங்கிலப் பெயர்களை மட்டுமே அடித்துச் சோதித்திருந்தேன், தமிழில் செய்கிற ஒரு வேலைக்கு அது பெரிய தப்பு.

அப்புறம் பிறந்த தேதி. ஒரு பாட்டி, "எழுபத்திரண்டு இருக்கும்மா" என்றார். நான் வைத்திருந்ததோ காலண்டர். வருடத்தைத் தொட்டால் பட்டியல் விரியும் என்பது அக்காவுக்குத் தெரியாது, ஒவ்வொரு மாதமாகப் பின்னால் தள்ளினார். அப்படிப் போனால் 864 தடவை அழுத்த வேண்டும். வரிசை நீண்டது, கடைசியில் கைக்கு வந்த ஒரு தேதியைப் போட்டு அனுப்பினார். சில பரிசோதனைகளுக்கு இயல்பு அளவே வயதைப் பொறுத்து மாறும், ஆகவே இதை அப்படியே விட முடியாது. வயது என்று ஒரு பெட்டி வைத்தேன், தேதி தெரிந்தவர்கள் தேதியும் போடலாம்.

மொபைல் எண்ணை நம்மவர்கள் ஐந்து ஐந்தாகச் சொல்வார்கள், அக்காவும் நடுவில் இடைவெளி விட்டே அடித்தார், என் படிவம் மறுத்தது. இடைவெளியை நீக்க ஒரு வரி நிரல் போதும், அந்த வேலையை ஏன் அவர் தலையில் கட்ட வேண்டும்? இதைவிட மோசம், அதை, உள்ளே இருப்பதைக் கூட்டிக் குறைக்க விடும் 'நம்பர்' வகைப் பெட்டியாக வைத்திருந்தது. கர்சர் அதில் இருக்கும்போது பக்கத்தை நகர்த்த மவுஸ் சக்கரத்தை உருட்டினார், கடைசி இலக்கம் ஒன்று கூடிவிட்டது. ரிப்போர்ட் யாரோ ஒருவருக்குப் போயிருக்கும். அதைச் சாதாரண டெக்ஸ்ட் பெட்டியாக்கி, மொபைலில் எண் கீபோர்டு வருவதற்கு இன்புட்மோடு என்ற அமைப்பை மட்டும் நியூமெரிக் என்று வைத்தேன்.

பிழைச் செய்தி பக்கத்தின் உச்சியில் வந்தது, அவரோ கீழே 'சேமி'யைத் திரும்பத் திரும்ப அழுத்திக்கொண்டிருந்தார். இப்போது அந்தந்தப் பெட்டிக்கு அடியிலேயே '9 இலக்கம்தான் இருக்கிறது' என்று வருகிறது. வெளிர்சாம்பல் எழுத்துகளையும் கருமையாக்கினேன், பார்வை குறைந்தவர்களும் படிக்கும்படி அணுகல் வழிகாட்டுதல் கேட்கும், எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையிலான 4.5:1 ஒளி மாறுபாடுகூட அவற்றில் இல்லை.

அடுத்த வாரம் மறுபடி போய் உட்கார்ந்தேன். வரிசை வேகமாக நகர்ந்தது. கைக்குழந்தையோடு ஒரு தாய் வந்தார், அக்கா வயதுப் பெட்டியில் கையை வைத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். "தம்பி, இதுல ஏழு மாசம்னு எப்படிப் போடறது?"